வயசானா வலிக்கத்தானே செய்யும்?

எங்கள் ஆச்சிக்குச் சாயங்காலம் ஆனால் குறுக்கு ஒடியும். திருநெல்வேலிப் பக்கத்தில் விலாவுக்குக் கீழே, முதுகின் அந்த அடிப்பகுதிக்குக் ‘குறுக்கு’ என்று பெயர். வயலுக்குப் போய்வந்து, குளித்து, ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, பட்டாசாலையில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்களில் யாரையாவது கூப்பிடுவாள். “ஏட்டி, இங்க வந்து ஏறி மிதி.” சுவரில் கை ஊன்றிக்கொண்டு அவள் முதுகில் ஏறி நிற்பேன். பாதத்துக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். “அங்கனதான், அங்கனதான்” என்பாள். கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த ஒருத்திக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் நாலு வீட்டிலிருந்து ஆள் வரும்.

ஆச்சிக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். எண்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தாள். இடைப்பட்ட இருபது வருடத்தில் கண்புரைக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், காய்ச்சலுக்குக் கூட்டிப்போனோம். குறுக்குக்கு ஒருநாளும் போகவில்லை. அவளும் அதை நோய் என்று சொன்னதில்லை. பொழுது சாய்ந்தால் இருட்டுவதுபோல, பொழுது சாய்ந்தால் வலிக்கும், அவ்வளவுதான். கேட்டால் ஒரே பதில்: “வயசாவுதுல்லா, வலிக்கத்தானே செய்யும்.”

எலும்பு மெலிந்த வயதான பெண்ணின் முதுகில் ஒரு சிறுமி ஏறி நிற்பதாலேயே முள்ளெலும்பு நொறுங்கக்கூடும் என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த “அங்கனதான்” எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

இப்போது அம்மாவுக்கு 73. அவளுடைய வலியை நான் கண்டுகொண்டது அவள் சொல்லி அல்ல, கோலத்தைப் பார்த்து. பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடுகிறவள். அது ஒன்பது புள்ளியானது, பிறகு ஐந்தானது, பிறகு நாலு இழுப்பில் முடிகிற ஒரு நட்சத்திரமானது. ஈடுபாடு குறைந்துவிட்டது என்று நினைத்தேன். தையில் ஒருநாள் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன். “குனிஞ்சா நிமிர முடியல” என்றாள். எவ்வளவு நாளாக என்றதற்கு, “அது கெடக்கு, ரெண்டு வருசமா” என்றாள்.

எத்தனை பேருக்கு?

உலகில் மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கி வைத்திருக்கும் உடல்நலக் கோளாறு எது என்று கேட்டால் பெரும்பாலோர் சர்க்கரை என்பார்கள், பக்கவாதம் என்பார்கள். உயிரைக் குடிக்கும் நோய்களைக் கழித்துவிட்டு, உயிரோடு இருந்துகொண்டே இயலாமையில் கழியும் ஆண்டுகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் முதலிடம் கீழ்முதுகு வலிக்குத்தான். 1990 முதல் அந்த இடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2050-இல் அது 84.3 கோடியாகும் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. வலி புதிதாகப் பெருகுவதால் அல்ல இந்த உயர்வு. மக்கள்தொகை கூடுகிறது, அதில் முதியவர்கள் கூடுகிறார்கள், முக்கியக் காரணம் அதுதான்.

தலைகளை எண்ணினால் 50 முதல் 55 வயதுக்காரர்கள்தான் அதிகம். அந்த வயதில் ஆட்கள் அதிகம் என்பதே காரணம். நூற்றுக்கு எத்தனை என்று விகிதம் பார்த்தால் வயது ஏற ஏற அதுவும் ஏறி, 80-85 வயதில் உச்சத்துக்குப் போகிறது. எந்த வயதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்போதே இங்கே 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல், ஏறத்தாழ 75 லட்சம் பேர். இன்று அந்த விகிதம் இன்னும் கூடிவிட்டது. நாட்டிலேயே கேரளத்துக்கு அடுத்தபடியாக மூப்படைந்த பெரிய மாநிலம் நம்முடையது. குழந்தைகள் குறைவாகப் பிறந்து, பெரியவர்கள் நீண்டநாள் வாழும் ஊரில் குறுக்கு வலி என்பது ஒரு வீட்டுச் சங்கதி அல்ல.

ஆனாலும் ‘எத்தனை பேருக்கு’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைப்பதில்லை. கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 54 நாடுகளில் நடந்த 165 ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் ஒரு தொகுப்பு வந்தது. “இப்போது வலிக்கிறதா” என்று கேட்டால் நூற்றில் ஏறத்தாழ 12 பேர் ஆமென்றார்கள். “கடந்த ஒரு மாதத்தில் வலித்ததா” என்றால் 23 பேர். கேள்வியின் காலத்தை ஒரு மாதமாக நீட்டியதும் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. விலாவின் கடைசி எலும்புக்குக் கீழே தொடங்கிப் பிட்டத்தின் அடிமடிப்பு வரை, ஒரு முழு நாளாவது நீடிக்கும் வலி என்பதுதான் உலகளாவிய கணக்கில் பயன்படும் வரையறை. ஒருநாள் பிடிப்பும், ரெண்டு வருடமாகக் குனிய முடியாமல் கிடப்பதும் அதில் ஒரே பட்டியலில் வரும்.

இன்னொரு குறையும் உண்டு. முதுகு வலி ஆராய்ச்சி நெடுங்காலம் வேலைக்குப் போகிறவர்களைச் சுற்றியே நடந்தது. ஆலையில், அலுவலகத்தில் எத்தனை நாள் லீவு, எவ்வளவு இழப்பீடு என்பதுதான் மேலைநாடுகளில் அதற்குப் பணம் கொடுத்தவர்களின் கவலை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்காமலே பல சிகிச்சைப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. அந்தக் காலத்தில் வயதானால் முதுகு வலி குறைந்துவிடும் என்றுகூட ஒரு கருத்து இருந்தது. வேலையை விட்டவருக்கு முதுகுக்கு ஓய்வு கிடைக்கிறதே என்ற ஊகம் அது. டென்மார்க்கில் 70 முதல் 102 வயது வரையிலான 4,486 இரட்டையர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வலி இருந்தது. வயது கூடியதால் அது மறைந்துவிடவில்லை. 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு குழப்பத்தைத் தெளிய வைத்தது: லேசான வலிதான் வயதோடு குறைகிறது, எழுந்து நடமாட விடாத கடும் வலி வயதோடு கூடுகிறது. முதியவரிடம் “முதுகு வலிக்கிறதா” என்று கேட்டு “கொஞ்சம்” என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது என்பது எனக்கு அதில் கிடைத்த பாடம். கொஞ்சம் என்று சொன்னவள்தான் என் அம்மா.

உழைத்துத் தேய்ந்ததா?

நம் ஊரில் முதியவர்களில் பலருக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு எல்லாமே இடுப்பை ஒடித்துச் செய்கிற வேலைகள். நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் பின்னோக்கி நகரும்போது உடல் மணிக்கணக்கில் இரண்டாக மடிந்தே இருக்கும். நெல்லையில் பீடி சுற்றும் பெண்கள் தட்டை மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். நெசவாளிகள் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார்கள். நூறு நாள் வேலையில் மண் சுமப்பவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆகவே “உழைச்சு உழைச்சுத் தேஞ்சு போச்சு” என்று நாம் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும்.

பின்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 115 ஜோடி ஒரே அச்சு இரட்டைச் சகோதரர்களை எடுத்துக்கொண்டு அவர்களுடைய முதுகெலும்புகளை எம்.ஆர்.ஐ.யில் ஒப்பிட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஒருவர் சுமை தூக்கியிருப்பார், அவர் உடன்பிறப்பு மேசையில் உட்கார்ந்திருப்பார். 1995-இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. சகோதரர்கள் வேலையில் எவ்வளவு வேறுபட்டாலும், முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் அவர்களுடைய டிஸ்குகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தேய்ந்திருந்தன. டிஸ்க் எப்படி மூப்படையும் என்பதில் பரம்பரைக்கும் இளமைக்காலச் சூழலுக்கும்தான் பெரும் பங்கு, சுமை தூக்கியதற்குச் சிறு பங்கே இருந்தது.

சேற்றில் குனிந்து நின்ற பெண்ணுக்கு வலி வராது என்று இதற்குப் பொருளில்லை. நாளெல்லாம் குனிவதும், பாரம் தூக்குவதும், புகைப்பதும், உடல் பருமனும் வலியைக் கூட்டும் காரணங்கள் என்பது உறுதி. டிஸ்க் தேய்வது ஒன்று, வலிப்பது வேறொன்று என்பதைத்தான் அந்த இரட்டையர்கள் காட்டினார்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்ததைப் புரிந்துகொள்ள முடியும்.

‘தேய்மானம்’ என்ற சொல்

அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே ஸ்கேன் எழுதினார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் சொன்னது: “எல்4, எல்5 தேய்ஞ்சிருக்கு. டிஸ்க் பிதுங்கியிருக்கு. குனியக் கூடாது, தரையில உட்காரக் கூடாது, நடக்கிறதைக் கொறைச்சுக்குங்க.” இடுப்புக்கு எல்.எஸ். பெல்ட், பதினைந்து நாளைக்கு மாத்திரை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “தேஞ்சது தேஞ்சதுதானே. இனி எங்க வளரப் போவுது” என்றாள்.

அந்த ஒரு சொல் அவளைப் படுக்கையில் தள்ளியது. தேய்மானம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது செருப்பு, வண்டிச் சக்கரம், மாவரைக்கும் கல். நடந்தால் மேலும் தேயும், அசைந்தால் மேலும் தேயும். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் அசையாமல் இருக்க வேண்டும். அவள் நினைத்ததில் தவறில்லை, அந்தச் சொல் அப்படித்தான் நினைக்க வைக்கும்.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 33 ஆய்வுகளிலிருந்து, முதுகு வலி அறவே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்தார்கள். 20 வயதிலேயே நூற்றில் 37 பேருக்கு டிஸ்க் தேய்வு தெரிந்தது. 80 வயதில் 96 பேருக்கு. டிஸ்க் பிதுங்கல் 20 வயதில் 30 பேருக்கு, 80 வயதில் 84 பேருக்கு. மறுபடியும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. தலைமுடி நரைப்பதுபோல, தோல் சுருங்குவதுபோல உள்ளே நடக்கும் மாற்றம் அது. 73 வயதுக்காரியின் படத்தில் தேய்மானம் இல்லை என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

டிஸ்கின் கதை தனி. நம் உடலில் ரத்தக் குழாய் இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது அதுதான். சிறு வயதில் இருக்கும் குழாய்களும் வளர வளர மறைந்துவிடும். மேலும் கீழும் உள்ள முள்ளெலும்பின் ஓரத்திலிருந்து ஊட்டம் மெல்ல ஊறித்தான் உள்ளே போக வேண்டும். பகலெல்லாம் நிற்க, நடக்க, உட்கார டிஸ்கிலிருந்து நீர் கொஞ்சம் வெளியேறும். ராத்திரி படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் எழும்போது நாம் ராத்திரியைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பது இதனால்தான். வயதாக ஆக அந்த நீர்ப்பிடிப்புக் குறைகிறது, டிஸ்க் தட்டையாகிறது, பக்கத்து மூட்டுகளுக்குப் பாரம் கூடுகிறது, முதுகைத் தாங்கும் தசை மெலிகிறது. இதில் தசையை மட்டும் எந்த வயதிலும் மீட்டெடுக்கலாம். படுத்தே கிடந்தால் முதலில் போவதும் அதுதான்.

முதியவர்களுக்கு உடனே ஸ்கேன் எடுப்பதால் நன்மை உண்டா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, முதுகு வலியோடு வந்த 5,239 பேரை ஓர் ஆண்டு தொடர்ந்தார்கள். ஆரம்பத்திலேயே படம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஆண்டு முடிவில் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது 2015-இல் வந்த முடிவு.

ஆனால் சிலருக்கு உடனே பார்க்க வேண்டும்

கீழ்முதுகு வலியில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மிச்சப் பத்தில் ஆபத்தான சில உண்டு. இளைஞர்களைவிட முதியவர்களிடம் அவை அதிகம் என்பதால் “வயசாச்சு” என்று சொல்லிக் கடந்துபோகவே கூடாத இடம் இது.

முதலில் எலும்பு முறிவு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். குடத்தைத் தூக்கும்போதோ, பேருந்தின் கடைசி இருக்கையில் வேகத்தடையில் தூக்கிப்போடும்போதோ முள்ளெலும்பு அமுங்கி உடையலாம். விழவே வேண்டியதில்லை. இப்படி உடைவதில் பெரும்பகுதி, உடைந்தது என்று யாருக்கும் தெரியாமலே ஆறிவிடுகிறது. பிறகு பார்த்தால் முதுகு கூனியிருக்கும், உயரம் குறைந்திருக்கும், அளவாக இருந்த உள்பாவாடை தரையில் இழுபடும். வீட்டில் உள்ளவர்கள் இந்தப் பாவாடையைக் கவனித்தாலே போதும். ஒருமுறை உடைந்தவருக்கு மறுமுறை உடையும் வாய்ப்பு அதிகம். எலும்பைப் பலப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன, உரிய நேரத்தில் தொடங்கினால் பயன் உண்டு.

அடுத்தது காசநோய். நுரையீரலில் மட்டும் அல்ல, முதுகெலும்பிலும் அது தங்கும். லண்டன் அறுவைச் சிகிச்சை வல்லுநர் பெர்சிவல் பாட் 1779-இல் அதை விவரித்தார், அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் இருக்கும் நாம் இதை மறக்க முடியாது. சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு, படுத்தாலும் தீராத, ராத்திரியில் கூடுகிற வலி, இவை இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்குப் புராஸ்டேட்டிலிருந்தும் பெண்களுக்கு மார்பகத்திலிருந்தும் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுவதும் இதே முகத்தோடுதான் வரும். வலியோடு சேர்ந்து சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்பது தாமதம்.

நரம்புக்கால்வாய் சுருங்குவது இன்னொரு வகை. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. பத்துத் தெருவிளக்குக் கம்பம் தூரம் நடந்தால் கால் கனத்து, மரத்து, எங்காவது உட்கார வேண்டியிருக்கும். அதே பெரியவர் சைக்கிளில் ஏறினால் டீக்கடை தாண்டி அடுத்த ஊர்வரை சிரமமில்லாமல் மிதிப்பார். “நடிக்கிறார்” என்று வீட்டில் சொல்வார்கள். சைக்கிளில் முன்னால் சாய்ந்து உட்காரும்போது அந்தக் கால்வாய் கொஞ்சம் விரிந்துகொடுக்கும், நிமிர்ந்து நடக்கும்போது குறுகும். அவர் நடிக்கவில்லை.

மாத்திரை அட்டை

மருந்துக்கடையில் “இடுப்பு வலிக்கு ரெண்டு குடுங்க” என்றால் சீட்டு கேட்காமலே கிடைக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் முதியவர்களின் இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷருக்கு மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து நாள்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கும். குறுகிய காலத்துக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பயன் உண்டு. அட்டை அட்டையாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்கானது அல்ல. ‘பாராசிட்டமால் போட்டால் ஆபத்தில்லை’ என்று நினைப்போம். ஆஸ்திரேலியாவில் திடீர் முதுகு வலியோடு வந்த 1,652 பேரிடம் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில் அது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடச் சீக்கிரம் குணமாக்கவில்லை. நரம்பு மாத்திரை என்று எழுதப்படும் பிரீகாபலின், இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் சயாட்டிகா வலிக்குக்கூடப் பலன் தரவில்லை என்று 2017-இல் ஒரு பரிசோதனை காட்டியது. அது தலைச்சுற்றலை மட்டும் கூட்டியது. தலை சுற்றி விழும் முதியவருக்கு இடுப்பெலும்பு உடைந்தால் என்னாகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று 2023 டிசம்பரில் தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது. முதியவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது அது. இடுப்புப் பெல்ட் வேண்டாம், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் வேண்டாம், ஓபியாய்டு வகை வலிமருந்துகள் வேண்டாம் என்கிறது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மசாஜ் போன்ற கையால் செய்யும் சிகிச்சை, மனநல ஆலோசனை ஆகியவற்றை ஏற்கிறது. அம்மாவுக்குக் கொடுத்ததில் முதலாவது, வேண்டாம் என்ற பட்டியலில் முதலில் இருந்தது.

உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதையும், நொச்சி இலை போட்ட வெந்நீரையும் கைவிட வேண்டியதில்லை. திடீரென வரும் வலிக்கு வெப்ப ஒத்தடத்தை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் மாத்திரைக்கு முந்திய சிகிச்சைகளில் சேர்த்திருக்கிறது. சூடு தோலைச் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முதுகில் ஏறி மிதிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கம்பம் எண்ணுதல்

நாலு மாதம் அம்மா படுத்திருந்தாள். வலி குறையவில்லை, தொடை மட்டும் குச்சியாகிவிட்டது. கட்டண‌மில்லாப் பேருந்து வாசலில் நிற்கிறது, ஆனால் முதல் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. தங்கை வீட்டுக்குப் போவது நின்றது, கோயில் நின்றது. பேச்சும் குறைந்தது. படுக்கை ஓய்வு குணமாக்காது என்பது புதிய செய்தியும் இல்லை. ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடந்து 1995-இல் வெளியான பரிசோதனையில், இரண்டு நாள் படுத்தவர்களைவிடவும் முதுகுப் பயிற்சி செய்தவர்களைவிடவும், முடிந்தவரை வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள்தான் வேகமாகத் தேறினார்கள். அம்மா படுப்பதற்கு முன்பே எனக்கு இது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உதவிக்கு வழி இல்லாமலும் இல்லை. முதியோர் மருத்துவத்தில் இந்தியாவுக்கே முன்னோடி சென்னை. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் முதியோர் மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்பு வந்தது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் ஒன்று. சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பிசியோதெரபி வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். என் வயதில் பாதிகூட இராது. ஸ்கேன் கவரைப் பிரிக்கவில்லை. அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “ஆச்சி, இப்போ முடியாமப் போனதுல எது மொதல்ல திரும்ப வேணும் ஒங்களுக்கு?”

கோயில் என்பாள், கோலம் என்பாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “ராத்திரி நானே எந்திரிச்சு பாத்ரூம் போகணும். இவள எழுப்பக் கூடாது.”

அதிலிருந்துதான் தொடங்கினார்கள். நேரே எழாமல் ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுவது. பிறகு நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார்வது. இரண்டு வாரத்தில் ஒரு தலையணை போனது. இன்னும் சில வாரத்தில் மற்றதும் போனது. “வலிச்சா தேயுதுன்னு அர்த்தம் இல்ல ஆச்சி. ரொம்ப நாளா ஓட்டாத சைக்கிள ஓட்டினா தொடை வலிக்கும்லா, அந்த மாதிரி” என்றார் அந்தப் பெண். நாலு மாதமாக யாரும் அவளிடம் சொல்லாத ஒன்று அது.

பிறகு நடை. தெருவிளக்குக் கம்பம்தான் கணக்கு. முதல் வாரம் இரண்டு கம்பம், திரும்பி வர இரண்டு. நடையைப் பற்றி 2024-இல் சிட்னியிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. முதுகு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், முப்பது நிமிடம் என்பது எட்ட வேண்டிய அளவு. நடந்தவர்களில் பாதிப்பேருக்கு அடுத்த வலி வருவதற்கு 208 நாளானது. மற்றவர்களில் பாதிப்பேருக்கு 112 நாளிலேயே திரும்ப வந்துவிட்டது. கருவி இல்லை, மாத்திரை இல்லை. செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்க வேண்டும். தெருவில் நடக்க இடமும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பாதையைப் பைக்குகள் அடைத்திருக்கின்றன, மறுபாதியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களை நடக்கச் சொல்லிவிட்டு நடக்கும் தெருவை எடுத்துக்கொள்வது எந்த வகை நியாயம் என்று தெரியவில்லை.

ஆறு மாதத்தில் பிள்ளையார் கோயில் வரை ஏழு கம்பம் வந்துவிட்டாள். ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து ஏழு புள்ளி வைக்கிறாள். பெல்ட் பீரோவுக்குள் கிடக்கிறது. வலி போய்விட்டதா என்று போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். “அது எங்க போவுது? அது பாட்டுக்கு இருக்கு, நான் என் பாட்டுக்கு இருக்கேன்” என்றாள் அம்மா. அந்த அக்காவின் மாமியாரும் இப்போது சாயங்காலம் அவளோடு வருகிறாள், மூன்றாவது கம்பம் வரை.

ராத்திரி இரண்டு மணி சுமாருக்குக் கட்டில் முனகும் சத்தம் கேட்கும். பிறகு ஸ்விட்ச். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு போகும் வளையல் சத்தம். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன். எழுந்திருப்பதில்லை.